எங்கள் தோப்பு முந்திரி

நான் குடிப்பதில்லை. அப்போதும் குடித்ததில்லை, இப்போதும் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பண்ருட்டியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த தனியார் பள்ளியில், காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, தாளாளர் என்னை நிறுத்தி, "எங்க, வாய ஊதுங்க செந்தில் சார்" என்றார். ஊதினேன். குனிந்து முகர்ந்து பார்த்தார். இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான் மணத்திருக்கும். அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. "இப்பல்லாம் வாசனையே வராத சரக்கு வந்துடுச்சாம்" என்று பி.டி. வாத்தியாரைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இது நடந்தது 2008இல். எனக்கு இருபத்தைந்து வயது. சில மாதங்களாகவே பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. 'முக்கோணம்' என்று சொன்னால் நாக்கு பாதியில் நின்றுவிடும். கரும்பலகையில் எழுதினால் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். கை நடுங்கும். வாயோரம் எச்சில் ஒழுகுவது எனக்கே தெரியாது, பிள்ளைகள் சிரிப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். நடக்கும்போது ஒரு பக்கம் தள்ளும். இத்தனையையும் பார்த்த ஊருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. வாத்தியார் குடிக்கிறார். வேலை போயிற்று.

எங்கள் ஊர் காடாம்புலியூர். வீட்டுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு. அதை ஒட்டி அப்பாவின் ஷெட். கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, பருப்பைத் தரம் பிரித்துப் பண்ருட்டிக்கு அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் முந்திரி இல்லாத சாப்பாடு கிடையாது. ரசத்தைத் தவிர எல்லாவற்றிலும் அம்மா முந்திரி போடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மற்ற பிள்ளைகள் கடலை மிட்டாய் கொண்டுவந்தால் நான் டவுசர் பை நிறைய உடைந்த முந்திரி கொண்டுபோவேன்.

அப்பா கட்டிக்கொண்டது சொந்த அக்காவின் மகளை. அதாவது என் அம்மா, அப்பாவுக்கு அக்கா மகள். எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தெரிந்த பெண், கண்ணெதிரே வளர்ந்தவள், தோப்பும் வெளியே போகாது. அதே வழக்கப்படி என் தங்கை வளர்மதியை அம்மாவின் தம்பி குமார் மாமாவுக்கு என்று அவள் பாவாடை கட்டுகிற வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். மாமா பண்ருட்டியில் பலாப்பழக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். எனக்கு வேலை போன சமயத்தில் வளர்மதி கடலூரில் இரண்டாம் வருடம் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

முதலில் கடலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாலை முழுக்க அவருடைய கிளினிக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனால் மனிதர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அப்பாவிடம், "தண்ணி கிண்ணி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும் என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, லவ் ஃபெயிலியரா?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் அவர் மாத்திரை எழுதி முடித்துவிட்டார். மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை என்று பிற்பாடு தெரிந்தது. அதைச் சாப்பிடச் சாப்பிட உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்தது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாயை மூட முடியவில்லை. திரும்பிப் போய்க் காட்டினால், "டோஸ் பத்தல" என்று கூட்டிக்கொடுத்தார்.

என் நோயில் என்னை அதிகம் வதைத்தது வலி இல்லை. உள்ளே புத்தி தெளிவாக இருக்கிறது. கோபம் வருகிறது. திட்ட வேண்டும்போல இருக்கிறது. ஆனால் வாய் திறந்தால் ஒரு முனகல்தான் வருகிறது. அந்த முனகலைக் கேட்டு எதிரில் இருப்பவர் குழந்தையிடம் பேசுவதுபோல, "சரிப்பா, சரிப்பா" என்கிறார். பி.எட். படித்தவனை ஊரே தட்டிக்கொடுக்கிறது. அப்போதெல்லாம் யாரையாவது கடித்துவிடலாமா என்று இருக்கும்.

தண்ணீர்கூட விழுங்க முடியாமல் புரையேறி, கண் பிதுங்கி நான் கிடந்த ஒரு நாள் காலையில் குமார் மாமா வந்தார். வாசலில் பேயோட்டுகிற கோடாங்கிக்காரனைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார் ராணி பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா. மாமா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பலாப்பழம் ஏற்றுகிற தன் குட்டி லோடு வண்டியில் படுக்கவைத்தார். "எங்கடா தூக்கிட்டுப் போற?" என்று பெரியம்மா கத்தினார். "சிதம்பரத்துக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்றார். வழி முழுக்க என் தலைக்கு அடியில் ஒரு பலாப்பழச் சாக்கு இருந்தது.

சிதம்பரத்தில் என்னைப் பார்த்த நரம்பியல் டாக்டரம்மா குள்ளமாக, கறாராக இருப்பார். யாரிடமும் சிரிக்கமாட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியது அல்ல. பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருந்த அப்பாவைப் பார்த்து, "சொந்தத்துல கல்யாணமா?" என்றார்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "அக்கா பொண்ணுதாங்க. அவன் நோவுக்கும் எங்க கல்யாணத்துக்கும் என்னாங்க சம்மந்தம்?"

"சொல்றேன். மொதல்ல கண்ணப் பாக்கணும்."

கண் பிரிவில் ஒரு இயந்திரத்தின் முன்னால் தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்காரவைத்தார்கள். என் தலை நடுங்கியதால் மாமா பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கத்தி மாதிரி ஒரு வெளிச்சக் கோடு கண்ணுக்குள் வந்தது. பார்த்த டாக்டர் எழுந்து போய் மாணவர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து என் கண்ணை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன், "சூப்பர் சார், டெக்ஸ்ட் புக்ல இருக்குற மாதிரியே இருக்கு" என்றான். அவன் கன்னத்தில் அறையக் கை பரபரத்தது. கை ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

கருவிழியின் விளிம்பைச் சுற்றி ஒரு பழுப்புப் பச்சை வளையம் இருந்ததாம். அது செம்பு. என் கண்ணில் செம்பு படிந்திருந்தது. கல்லீரலில் படிந்து, அங்கே இடம் போதாமல் மூளைக்கு வந்து, கண்ணுக்கும் வந்துவிட்டது. நோயின் பெயர் வில்சன் நோய். ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற ஒரு புரதம் எனக்கு மிகவும் குறைவு. சிறுநீரில் செம்பு ஏராளம். ஸ்கேனில் மூளையின் நடுவே, அசைவையும் பேச்சையும் ஒழுங்கு பண்ணுகிற இடம் வெளுத்துக் கிடந்தது. காதல் தோல்வி எந்தப் படத்திலும் இல்லை.

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். நாம் சாப்பிடுகிற எல்லாவற்றிலும் துளித்துளி செம்பு உண்டு. உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும். மிச்சத்தைக் கல்லீரல் செல்கள் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதற்குச் செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற ஜீனுக்குப் பெயர் ஏடிபி செவன் பி. எங்கள் ஷெட்டில் கொட்டை உடைக்கும்போது ஓடுகளை அள்ளி வெளியே கொட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் வரவில்லை என்றால் முதல் நாள் தெரியாது. ஒரு மாதம் போனால் ஓடு குவிந்து, அதிலிருக்கிற எண்ணெய் பட்டு வேலை செய்கிறவர்கள் கை வெந்துபோகும். என் கல்லீரலில் நடந்தது அதுதான்.

அந்த ஜீன் ஆளுக்கு இரண்டு உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். என் அப்பா, அம்மா இருவருக்கும் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. அதனால்தான் இருவரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். எனக்கு இருவரிடமிருந்தும் கெட்டது வந்துவிட்டது. வெளியில் பெண் எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே கோளாறு இருப்பது அபூர்வம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே எடுத்ததால், எந்தக் காலத்திலோ ஒரு முன்னோரிடம் இருந்த கோளாறு இரண்டு வழியாகவும் இறங்கி என்னிடம் வந்து சேர்ந்தது.

எல்லாம் சொல்லிவிட்டு டாக்டரம்மா கேட்டார். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணுங்க. நல்லா இருக்கா" என்றார் அப்பா.

"நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்க. நாலுல ஒண்ணு, அவளுக்கும் இருக்கலாம். இப்ப கண்டுபிடிச்சா மாத்திரையோட போயிடும். மூளைக்குப் போனதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா, இதோ, இவர் மாதிரிதான்."

அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போய் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

எனக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பிலுள்ள செம்பைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிற மருந்து. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். கடலூரில் எந்த மருந்துக் கடையிலும் அது இல்லை. ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மருந்தே கெடையாதே" என்றாராம். மாமா பாண்டிச்சேரி போய் வாங்கிவந்தார். சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. நண்டு, இறால், ஈரல், காளான், சாக்லெட் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், முந்திரி கூடவே கூடாது. செம்பு ஜாஸ்தி இருக்கிற பண்டங்களில் அது முன்வரிசை. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் டாக்டரம்மா அதைச் சொன்னார்.

அம்மா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையாக நடந்தாள். நான் தேறவில்லை. விறைப்பு கூடியது. இந்த மருந்தில் சிலருக்கு முதலில் கொஞ்சம் மோசமாகித்தான் பிறகு சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் கொஞ்சம் என்று நினைத்தது கொஞ்சமாக இல்லை. ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்தவர் என் கட்டில் பக்கத்து ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"இதுல என்ன?"

"பாலுதாங்க" என்றாள் அம்மா.

"வெறும் பாலா?"

அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு பெருமையாகவே சொன்னாள். "கொஞ்சம் முந்திரி அரச்சு ஊத்தியிருக்கேன். கஞ்சிய மட்டும் குடிச்சா புள்ளைக்கு எப்படிங்க தெம்பு வரும்?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முந்திரி விஷம்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்க. அது கடை முந்திரியா இருக்கும்ங்க. இது எங்க தோப்பு முந்திரி."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. அவளால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். அந்த மரங்கள்தான் எங்களைப் படிக்கவைத்தன. அந்த மரம் தன் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் என்று எந்த டாக்டர் சொன்னால் அவள் கேட்பாள்? அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் அடங்கவில்லை. கையை வீசினேன். ஃபிளாஸ்க் கீழே விழுந்து உடைந்தது. பால் முழுவதும் அம்மாவின் புடவையில். அவள் என்னைத் திட்டவில்லை. குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு அவள் முந்திரி கொண்டுவரவில்லை. ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கமாட்டார்கள். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பொட்டலங்களை நர்சுகள் பங்குபோட்டு எடுத்துப்போனார்கள்.

தாளாளரும் வந்தார். முந்திரி கேக் பெட்டியோடு. "நான் அப்பவே நெனச்சேன் சார், ஒடம்புல ஏதோ கோளாறுன்னு" என்றார். பெட்டியின் மூடியைத் திறந்து எனக்கு ஊட்டிவிடக்கூட வந்தார். அவர் முகத்தில் ஊத வேண்டும்போல இருந்தது. எச்சில்தான் வந்தது. மாமா தன் துண்டால் துடைத்துவிட்டு, பெட்டியை மூடி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டியைக் கடைப் பையன்களிடம் விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். கழிப்பறைக்குத் தூக்கிப்போவார். ஷேவ் பண்ணிவிடுவார். என் முனகலை மனிதப் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆகவே வளர்மதி விஷயத்தை அவரிடம்தான் சொன்னேன். ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. "வளர்... டெஸ்ட்... பண்ணணும்."

மாமாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவரும் அன்றைக்கு டாக்டரம்மாவின் அறையில் நின்றிருந்தாரே. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியும் மாப்ள. கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே கூட்டிட்டு வந்து காட்டுறேன். இப்பப் போயி டெஸ்ட்டு அது இதுன்னா ஊரு என்னா பேசும்? ராணி அக்கா வாய் சும்மா இருக்குமா?"

என்னைத் தோளில் தூக்கிவந்த மனிதர். அவருக்கே ஊர் வாய்தான் பெரிதாகத் தெரிந்தது. அன்று அவர் ஊட்டிய கஞ்சியைத் துப்பினேன். மறுபடி ஊட்டினார். மறுபடி துப்பினேன்.

பிறகு என் செல்போனை எடுத்தேன். ஒவ்வொரு பொத்தானிலும் விரல் வழுக்கியது. ஒரு எழுத்து அடிக்க நினைத்தால் மூன்று விழுந்தது. வளர்மதிக்கு ஒரு மெசேஜ். வீட்டில் சொல்லாமல் சிதம்பரம் வா, உனக்கும் இந்த நோய் இருக்கலாம். அவ்வளவுதான் எழுத முடிந்தது.

அவள் மறுநாள் கல்லூரிக்கு என்று கிளம்பி, கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி வந்துவிட்டாள். மாமா டீ குடிக்கப் போயிருந்த நேரம். "அண்ணா, என்னா எழுதியிருக்க? பாதி எழுத்து புரியவே இல்ல. பயந்துட்டேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டாள். அழவில்லை. எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

அவள் கண்ணில் வளையம் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பகல், ஒரு இரவு, மொத்தச் சிறுநீரையும் அதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு தடவைகூட வெளியே போகக் கூடாது. கல்யாண வேலை நடக்கிற வீட்டில், சொந்தக்காரர்கள் நிறைந்து கிடக்கிற வீட்டில், கல்யாணப் பெண் இதை எப்படிச் செய்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் ஷெட்டில் தோல் மூட்டைகளுக்குப் பின்னால் கேனை ஒளித்துவைத்தாள். ராணி பெரியம்மா கண்டுபிடித்துவிட்டார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாராம்.

"ஐயோ, கல்யாணப் பொண்ணு மூத்தரத்தப் புடிச்சு வெச்சிருக்காளே! எவன்டி ஒனக்கு இந்த மந்திரம் சொல்லிக்குடுத்தவன்?"

கேன் முந்திரி மரத்தடியில் கவிழ்க்கப்பட்டது. விஷயம் வெளியே வந்தது. அப்பா கத்தினார். அம்மா ஒப்பாரி வைத்தாள். ஒரு பிள்ளை போனது போதாதா, இன்னொன்றையும் நோயாளி ஆக்கப் பார்க்கிறாயா என்று எல்லோருடைய கோபமும் சிதம்பரத்தில் படுத்துக்கிடந்த என் மேல் திரும்பியது. வளர்மதியைக் கல்லூரிக்கு அனுப்பக் கூடாது என்று முடிவானது.

அவள் மறுநாள் விடிந்ததும் பண்ருட்டிக்கு பஸ் ஏறி மாமாவின் மண்டிக்குப் போய்விட்டாள். மாமா கணக்குப் பார்க்க அன்றைக்கு ஊருக்கு வந்திருந்தார். பலாப்பழக் குவியலுக்கு நடுவில், கூலியாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவரிடம் கேட்டாளாம். "நாளைக்கி நான் அண்ணன் மாதிரி வாய் கோணி, எச்சி ஒழுகிக் கெடந்தா, என்னையும் இப்படித் தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா மாமா? இல்ல இப்பவே வந்து காப்பாத்துவீங்களா?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவளுடைய தோழி வீட்டில் தங்கி மறுபடி கேனில் பிடித்தாள். மாமா தானே போய் அதை வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "என்னாங்க, செக்கு எண்ணெயா?" என்றாராம். "ஆமாங்க" என்றாராம் மாமா. "வாசன நல்லா வருது" என்றாராம் அவர். இதை மாமா என்னிடம் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எச்சில் ஒழுக ஒழுக, வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். அந்த ஒரு நாள் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

முடிவு வந்தது. வளர்மதிக்கும் அந்த நோய் இருந்தது. கல்லீரலில் செம்பு சேர ஆரம்பித்திருந்தது. மூளைக்குப் போகவில்லை. "சரியான நேரத்துல வந்திருக்கம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்ற எல்லோரையும்போல வாழலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றார். ஆனால் மாமா அம்மாவின் தம்பி. அம்மாவிடம் இருக்கிற கெட்ட ஜீன் அவரிடமும் இருக்கலாம். இருந்தால் பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்குப் பாதி இந்த நோயோடு பிறக்க வாய்ப்பு. அது அவரிடம் இருக்கிறதா என்று ஜீனைப் படித்துச் சொல்கிற சோதனை அப்போது எங்களுக்கு எட்டுகிற இடத்தில் இல்லை.

"இருந்துட்டுப் போவுது. எனக்கு இவதான் வேணும்" என்றார் மாமா. என் கட்டில் பக்கத்தில் நின்றுதான் சொன்னார்.

வளர்மதி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "எனக்கும் ஒங்கள ரொம்பப் புடிக்கும் மாமா. ஆனா இன்னொரு அண்ணன என்னால பெத்துக்க முடியாது."

கல்யாணம் நின்றது. நிறுத்தியது அவள். பழி விழுந்தது என் மேல். தான் கெட்டது போதாது என்று தங்கை வாழ்க்கையையும் கெடுத்தவன் என்று பெயர் வாங்கினேன். என் விறைப்பு மெல்ல மெல்ல விட்டது. கரண்டி பிடிக்க, சட்டை பொத்தான் போட, தனியாக நடக்கக் கற்றுக்கொண்டேன். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை, இனியும் திரும்பாது. வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வளர்மதி படிப்பை முடித்துக் கடலூரில் ஒரு கம்பெனி லேபில் வேலைக்குப் போகிறாள். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை நடுங்கவில்லை, நாக்கு குழறவில்லை, ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஊருக்கு அது வேறு அர்த்தம். அவளுக்கு நோயே இல்லை, செந்தில்தான் பொறாமையில் கிளப்பிவிட்டான். நான் அவளைக் காப்பாற்றியதற்கு அத்தாட்சி அவள் நன்றாக இருப்பது. நான் பொய் சொன்னேன் என்பதற்கு அவர்கள் காட்டுகிற அத்தாட்சியும் அதேதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

போன வருடம், 2011 கடைசியில், 'தானே' புயல் வந்து எங்கள் தோப்பை வேரோடு சாய்த்துவிட்டது. அம்மா விழுந்த மரங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்பா வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

இந்த ஆவணியில் குமார் மாமாவுக்குக் கல்யாணம். பெண் விருத்தாசலம், எந்த வழியிலும் சொந்தம் இல்லை. அப்படித்தான் வேண்டும் என்று மாமாவே பிடிவாதமாகத் தேடிக் கட்டினார். பண்ருட்டி மண்டபத்தில் பந்தி. ஊரில் மரமே இல்லாமல் போனாலும் கௌரவம் போகவில்லை. கேசரியில் முந்திரி, பொங்கலில் முந்திரி, பாயசத்தில் மிதக்க மிதக்க முந்திரி. எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ராணி பெரியம்மா. வளர்மதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாரு, எப்படிக் கல்லுகுண்டு மாதிரி இருக்கா! இவளுக்கா நோவு? மணையில ஒக்காந்திருக்க வேண்டியவ, பந்தியில ஒக்காந்திருக்கா. இந்தப் பாவி கெடுத்தான்."

நான் எழுந்துவிட்டேன். சொல்ல வேண்டியது அத்தனையும் நெஞ்சு வரை வந்து நின்றது. வாயைத் திறந்தேன். "பெ... பெரி..." அதற்கு மேல் வரவில்லை. கை நடுங்கி டம்ளர் சாய்ந்தது. பந்தியின் மறுகோடியிலிருந்து எவனோ ஒருவன், "காலையிலேயே ஏத்திட்டாம்பா" என்றான். சிரித்தார்கள்.

வளர்மதி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தன் இலையில் இருந்த கேசரியிலிருந்து முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். என் இலையிலும் பொறுக்கினாள். கை ஆடவே இல்லை. எல்லாவற்றையும் பெரியம்மாவின் இலை ஓரத்தில் குவித்துவைத்தாள்.

"நீங்க சாப்புடுங்க பெரியம்மா. ஒங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

இலையை மூடி எழுந்திருக்கும்வரை பெரியம்மா அந்த முந்திரியைத் தொடவில்லை.